பிரசண்டு வெள்ளைச்சாமியின் நீலக் கயிறு

போன வாரம் திங்கட்கிழமை காலை ஆபீசில் புதிதாக வந்தவர்களின் பாஸ்போர்ட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. நம் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. "பிரசண்டு தவறிட்டாக. கண்மாய்ப் பள்ளத்துல கால் வழுக்கி விழுந்துட்டாக." அவ்வளவுதான் செய்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்துகொண்டே இருந்தன. நம் ஊரில் ஒரு கிடா செத்தால்கூட எப்படிச் செத்தது, எப்போது செத்தது, கடைசியாக யார் பார்த்தது என்று நாலு பேர் கேட்பார்கள். அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பாஸ்போர்ட்டுகளை அடுக்கப் போய்விட்டேன்.

அந்தக் கும்பிடுகளைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. சாவுச் செய்தியைப் பார்த்து அல்ல.

இந்த வெள்ளிக்கிழமை, குவைத்தின் அப்பாசியாவில் இந்த மூன்றாம் மாடி ரூமில், கட்டில்களை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதி வந்திருக்கிறேன். சங்கச் செயலாளர் என்பதால் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். பேசினால் இடையில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கு என்மேலேயே சந்தேகம். எழுதியதை வாசித்தால் முடிவு வரை வாசித்துத்தானே ஆகவேண்டும். புதிதாக வந்தவர்கள் சிலருக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. ஆகையால் ஆதியிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச்சாமி எனக்கு மாமா முறை. கொன்றையேந்தலில் மூன்று ஏக்கர் நன்செய், அதுவும் கண்மாயின் கடைமடையில். மேல்மடைக்காரர்கள் குளித்து, மாட்டைக் குளிப்பாட்டி, போதும் போதும் என்று ஆன பிறகு மிச்சம் இருந்தால்தான் அவர் வயலுக்குத் தண்ணீர் போகும். அரசியலுக்கு ஏன் வந்தார் என்று கேட்டால் கொள்கை கோட்பாடு என்றெல்லாம் சொல்லமாட்டார். "என் வயலுக்குத் தண்ணி வரல. அதான் நின்னேன்" என்பார். முதல் தடவை பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றபோது பூட்டு சாவி சின்னம். ஆள் அம்பு கிடையாது, மைக் கிடையாது. அது நடவுக் காலம். மற்ற வேட்பாளர்கள் வரப்பில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, நடவுப் பெண்களோடு ஒரு பத்தி நாற்று நட்டுவிட்டு, நட்டுக்கொண்டே ஓட்டுக் கேட்டார். ஏன் மாமா இந்தக் கூத்து என்று பிற்பாடு நான் கேலி செய்தேன். "வேலையை நிப்பாட்டி ஓட்டுக் கேக்குறவன், ஜெயிச்சா நம்ம வேலையைத்தான் முதல்ல நிப்பாட்டுவான் மாப்ள" என்றார். அந்த முறை நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார்.

இரண்டு முறை தலைவராக இருந்தார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரசண்டு என்றால் அவர்தான். அவருக்குப் பிறகு இரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், ஆனாலும் பிரசண்டு அவர்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எந்தக் காகிதம் வந்தாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, இரண்டு தடவை வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். கிளார்க் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்பார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

மூன்றாவது முறை தோற்றார். மடைக்கு முறை வைத்து, மேல்மடைக்கு இத்தனை நாழிகை, கடைமடைக்கு இத்தனை நாழிகை என்று பலகையில் எழுதி மாட்டியது பலருக்குப் பிடிக்கவில்லை. தோற்ற அடுத்த வருடம் மழை இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. விதைநெல்லை ஆக்கித் தின்ற குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார். "மாப்ள, அங்க விவசாயம் பாக்க ஆள் எடுக்குறாகளாமே, மணல்ல என்னத்த விளையும்?" என்று சிரித்தார். சிரிப்பில் ஈரம் இல்லை. அவருடைய விசா காகிதங்களை நான்தான் ஓடியாடி முடித்தேன். ஊருக்கே தலைவராக இருந்த மனிதர், நாற்பத்தொன்பது வயதில், வஃப்ராவில் ஒரு பண்ணைக்கு வெள்ளரிக் கொடி கட்டும் கூலியாக வந்து இறங்கினார்.

அவரைப் பண்ணையில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே போனால் மூச்சு முட்டும் புழுக்கம். கூரையிலிருந்து நீல நைலான் கயிறுகள் தொங்கும், ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கொடி ஏறும். குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு கரிக்குது. அடித்தண்ணிய உறிஞ்சுறாக. இது ரொம்ப நாள் ஓடாது" என்றார். வந்து அரைமணி நேரம் ஆகவில்லை, குறை கண்டுபிடித்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அங்கே எகிப்துக்காரர்கள், வங்காளிகள், நம்மவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் திறக்கும் நேரத்தில்தான் சண்டை. எந்தக் கூடாரத்துக்கு முதலில் திறப்பது என்று கைகலப்பு வரைக்கும் போகும். வந்த ஆறாம் மாதம் மாமா ஒரு அட்டையில் முறை எழுதினார். எழுத்து தேவையில்லாதபடி ஒரு கூடாரத்துக்கு வெள்ளரிப் படம், ஒன்றுக்குத் தக்காளி, ஒன்றுக்குக் குடைமிளகாய். கபீல், அதாவது பண்ணை முதலாளி, அதைப் பார்த்து எதுவும் சொல்லாமல் போனாராம். எகிப்துக்கார போர்மேன் அன்றிலிருந்து அவரை "ரயீஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டார். தலைவர், பிரசிடெண்டு என்றேன். "ஊர்ல தோத்தேன், இங்க ஒரு ஓட்டுக்கூட விழாம ஜெயிச்சுட்டேன் பாத்தியா" என்றார். அன்றைக்குச் சிரித்தது உண்மையான சிரிப்பு.

இனி வெற்றுத்தாள் விஷயம். இந்த ரூமில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்களாகிவிட்டோம்.

நம் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். ஊருக்கு ஒரு மனுக் கொடுக்க வேண்டுமென்றால், ஊரில் வாசகம் எழுதி, இங்கே அனுப்பி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, யாராவது லீவில் போகும்போது கொடுத்துவிட்டு, அது போய்ச் சேருவதற்குள் கலெக்டரே மாறிவிடுவார். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். லீவில் போகிறவரிடம் கையெழுத்து மட்டும் போட்ட தாள்கள் பத்துப் பதினைந்து கொடுத்து அனுப்புவது. மேலே காலி. ஊரில் தேவை வரும்போது மேலே எழுதிக்கொள்வார்கள். கோவிலில் சங்கத்துக்கென்று ஒரு இரும்புப் பெட்டி, அதில் தாள்கள் இருக்கும். செயலாளர் என்பதால் எல்லாத் தாளிலும் முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்து மற்றவர்கள், மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசிக்கிற மனிதர், வரியே இல்லாத தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். ஊர்க்காரர்கள் ஊருக்கு எதிராக எதையும் எழுதமாட்டார்கள் என்று அவ்வளவு நிச்சயம் அவருக்கு. எனக்கும்தான். அந்த முறையில்தான் காலை பஸ் வந்தது. துணைச் சுகாதார நிலையம் வந்தது. பஸ் வந்த அன்று அதன் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு, வஃப்ராவிலிருந்து வெள்ளிக்கிழமை இங்கே வந்து ஒவ்வொருவரிடமும் காட்டினார். "நீங்க இங்க இருந்து போட்ட கையெழுத்து அங்க ரோட்டுல ஓடுதுய்யா" என்றார். அப்படி ஒரு பூரிப்பை நான் அவர் முகத்தில் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஊரிலிருந்து சேதி வந்தது: கண்மாயைத் தூர் வாருகிறார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வெள்ளிக்கிழமை பண்ணையிலிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். இதே ரூமில்தான். "நான் ரெண்டு முறை தலைவரா இருந்து செய்ய முடியாதத இப்ப செய்யுறாக. யார் செஞ்சா என்னய்யா, கண்மாய் ஆழமானா கடைமடைக்கும் தண்ணி வரும்" என்று ஆளுக்கு நாலு பழம் கொடுத்தார். நாமும் தின்றோம். கொட்டையைத் துப்பிவிட்டு இன்னும் இரண்டு கேட்டோம்.

அதற்கு அடுத்த வருடம் முழங்கால் முடியாமல் போய், பண்ணையிலிருந்து கணக்கு முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். போன இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தார். குசலம் விசாரிக்கவில்லை.

"மாப்ள, கண்மாய் நடுவுல ஒரு பள்ளம் கெடக்கு. ஏழெட்டு ஆள் ஆழம் இருக்கும்போல. வண்டல் இல்லய்யா இது. வண்டல் எப்பவோ தீந்துபோச்சு. கீழ இருக்குற, மனை மேடாக்குற சவுட்டு மண்ண அள்ளுறாக. லாரி லாரியா வெளியூரு போகுது."

தட்டிக்கேட்கப் போனவரிடம், உங்கள் ஊர் விவசாயிகள் கேட்டுத்தானே அனுமதி கொடுத்தோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். மனுவின் நகலை வாங்கிப் பார்த்திருக்கிறார். "கீழே கையொப்பமிட்டுள்ள விவசாயிகளாகிய நாங்கள் எங்கள் வயலுக்கு வண்டல் மண் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டி, இன்று கிராமத்தில் நேரில் கூடி முழுச் சம்மதத்துடன் கையொப்பமிடுகிறோம்." கீழே முதல் பெயர் சோலைமலை. நான்தான். நாலாவது பெயர் வெள்ளைச்சாமி. நாற்பத்து மூன்று பெயர்களும் வரிசை மாறாமல் இருந்தன. ரேஷன் கடைக் கட்டடம் கேட்க என்று நாம் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிய தாள்களில் ஒன்று அது.

"விரல வச்சு ரெண்டு தடவ வாசிச்சேன் மாப்ள. என் கையெழுத்துதான். நான் போட்டதுதான்" என்றார். அப்புறம், "ஊரு கழுத்துல நானே கயித்தப் போட்டுட்டேனேய்யா" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கோவில் பெட்டியின் சாவி அப்போது யாரிடம் இருந்தது என்பது இந்த ரூமில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. நான் கண்ணால் பார்க்காததை எழுதமாட்டேன் என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்தேன்.

அதன்பிறகு அவருக்கு ஒரே வேலைதான். வஃப்ராவிலிருந்து அவர் கொண்டுபோன பெட்டியைக் கட்டியிருந்தது வெள்ளரிக் கொடிக்குக் கட்டுகிற அந்த நீலக் கயிறு. அதை எடுத்து, முனையில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். தினமும் காலையில் பள்ளத்துக்குப் போய்க் கயிற்றை இறக்கி அளப்பார். அளந்ததை எனக்குக் குரலாக அனுப்புவார். "இன்னைக்கு நாப்பத்தெட்டு முடிச்சு மாப்ள." "இன்னைக்கு அம்பத்தொண்ணு." பின்னால் மண் அள்ளும் பொக்லைனின் சத்தம் உறுமிக்கொண்டே இருக்கும். முழங்கால் வலியில் அவர் மூச்சு வாங்குவதும் கேட்கும். பள்ளத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்தார். மறுநாள் முள் இருக்காது. மறுபடி வெட்டிப் போடுவார். ஒரு பசு விழுந்து செத்தது. அத்தை, அதாவது அவர் மனைவி பஞ்சவர்ணம், எனக்குப் போன் செய்து, "நீயாச்சும் சொல்லுய்யா, நீ சொன்னா கேப்பாக" என்றார். நான் சொன்னேன். மாமா, மழை தொடங்கப்போகிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றேன்.

"தண்ணி நின்னுட்டா ஆழம் தெரியாதுல்ல. புதுசா வார பிள்ளைகளுக்கு அது கண்மாய் மாதிரித்தான் தெரியும். எனக்கு அந்தப் பள்ளம் மனப்பாடம். கண்ணக் கட்டிவிட்டாலும் எந்த எடத்துல சரிவு, எந்த எடத்துல செங்குத்துன்னு சொல்லுவேன். என்னைய விடு, நீ அந்தக் காயிதத்த அனுப்பு."

அந்தக் காகிதம் என்னவென்று இப்போது சொல்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மனுவில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் நாம் ஊரில் நேரில் கூடிக் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறது. நாம் ஊரில் இல்லை. நம் பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரைகளே அதற்குச் சாட்சி. மாமா தன் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு போனார். ஒருவர் விஷயத்தில் தவறு நடந்திருக்கலாம், பெயர் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மனிதர் விடாமல் நடையாய் நடந்து விசாரணைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தேதி வாங்கிவிட்டார். "ஒருத்தர்னா பிழைம்பாக. ரெண்டு பேர்னா புகாரும்பாக. எனக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் போதும் மாப்ள. மொதப் பேரு உன்னுது" என்றார்.

எனக்கு என்ன சிரமம்? கம்பெனியில் தினம் நூறு பாஸ்போர்ட்டை நகல் எடுக்கிறவன் நான். இயந்திரம் என் மேசைக்குப் பக்கத்தில். ஒரு நிமிட வேலை. அன்று மத்தியானமே என் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துவிட்டேன். போனில் படமும் பிடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தம்பி பாண்டி கூப்பிட்டான். ஊரில் என் மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா எல்லோரும் அவன் பார்வையில்தான் இருக்கிறார்கள்.

"அண்ணே, ரெண்டு பேரு பைக்கில வந்தாக. நல்ல மாதிரியாத்தான் பேசுனாக. தண்ணி வாங்கிக் குடிச்சாக."

"யாருடா?"

"தெரியலண்ணே. 'குவைத்ல இருந்து அண்ணன் எப்ப வாராக?'ன்னு கேட்டாக. அம்புட்டுத்தான். பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு கேட்டாக."

நகல் எடுத்த விஷயத்தை, இங்கே இருக்கிற நாம் மட்டுமே உள்ள நம் குழுவில் மட்டும்தான் போட்டிருந்தேன். 'நான் அனுப்பப் போகிறேன், நீங்களும் தயாராக இருங்கள்' என்று. போட்டு நாலு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நாலு மணி நேரத்தில் செய்தி இங்கிருந்து ஊருக்குப் போய், பைக்கில் ஏறி, என் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டது. அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த ரூமில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். நம்மோடு ஒரே சட்டியில் சோறு தின்கிறவர்.

நான் அந்தப் பதிவை அழித்தேன். மாமாவிடம், மெஷின் ரிப்பேர் என்றேன். அடுத்த வாரம், கம்பெனியின் அரசாங்கக் காகித வேலை பார்க்கிற மந்தூப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். அதற்கடுத்த வாரம், லீவு நாள் என்றேன். வாழ்நாள் முழுக்கப் பொய் மனுக்களைப் பார்த்த மனிதருக்கு, நான் சொல்வது பொய் என்று தெரியாதா? தெரியும். ஒரு தடவைகூடக் கடிந்துகொள்ளவில்லை. "சரி மாப்ள, தோதுப்பட்டப்ப அனுப்பு. பிள்ளைக நல்லா இருக்கா?" என்பார். அந்தப் 'பிள்ளைக நல்லா இருக்கா'வில் எனக்கு உயிர் போய்விடும்.

கடைசியாக அவர் குரல் வந்தது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். உங்களுக்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். என்னால் முடியாது. எழுதியே சொல்கிறேன்.

"மாப்ள, நாளன்னைக்கு விசாரணை. நீ அனுப்பலைன்னாலும் நான் போவேன், வருத்தப்படாத. ரெண்டு நாளு மழை. பள்ளம் பாதிக்கு மேல நெறஞ்சிருச்சு. இன்னைக்கு மிஷின் சத்தமே இல்லய்யா. ரெண்டு வருசமா கேட்டுக் கேட்டு காது அடச்சுப்போச்சு, இன்னைக்குச் சத்தம் இல்லாதது என்னமோ மாதிரி இருக்கு. கரையில ஒரு வண்டி நிக்குது. யாரும் எறங்கல. சும்மா நிக்குது. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இனிமே யாரும் வெறுந்தாள்ல போடாதீகய்யா. மேல எழுதிட்டு, ரெண்டு தடவ வாசிச்சுட்டு, அப்பறம் கீழ போடுங்க. நான்தான் தப்பாப் பழக்கிவிட்டேன். எல்லார்ட்டயும் சொல்லிரு."

நான் கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்றை அனுப்பினேன். 'நாளை அனுப்புகிறேன்' என்று எழுதினேன். நகல் என் போனிலேயே இருந்தது. விரலை ஒரு தடவை நகர்த்தியிருந்தால் போதும். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது, நான் சாப்பிடப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் அவரைப் பள்ளத்துத் தண்ணீரில் கண்டெடுத்திருக்கிறார்கள்.

அளக்கப் போன இடத்தில் கால் வழுக்கிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். வயதானவர், முழங்கால் சரியில்லாதவர், மழை ஈரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் நாள் அத்தைக்குப் போன் செய்தேன். அதுவரை தைரியம் வரவில்லை. அவர் அழவில்லை. அழுது முடித்துவிட்டார்போல.

"அளக்கப் போனாகன்னு சொல்றாகய்யா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. விடியக் கருக்கல்ல யாரோ வாசல்ல கூப்பிட்டாக, இந்தா வாரேன்னு துண்ட எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனாக. நான் அடுப்புப் பக்கம் இருந்தேன், யாருன்னு பாக்கல."

"அளக்கத்தான் போயிருப்பாங்க அத்தை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரைத் தேற்றவா, என்னைத் தேற்றிக்கொள்ளவா?

"கயிறு ஆணியிலதான்யா தொங்குது" என்றார் அத்தை. "கயிறு இல்லாம அவுக ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்ல. இப்பவும் ஆணியிலதான் தொங்குது. நான் தொடல."

அந்தக் கயிற்றைப் பற்றி நான் எதுவும் முடிவு சொல்லவில்லை. யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வண்டியில் யார் இருந்தார்கள் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவருக்கு ஒரே ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் நான், நான் அனுப்பவில்லை. இரண்டாவதாக ஒரு காகிதம் முன்கூட்டியே விசாரணை அதிகாரியின் மேசையில் இருந்திருந்தால், அவர் ஒருவரை மட்டும் அப்புறப்படுத்தி யாருக்கும் லாபம் இருந்திருக்காது. இதை நினைக்காமல் நான் ஒரு வேளை சோறு தின்னவில்லை. உங்களில் சிலர் என்னைத் தேற்ற வருவீர்கள். வராதீர்கள்.

விசாரணையை மனுதாரர் இறந்துவிட்டார் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். வேறு யாரும் தொடராவிட்டால் முடித்துவிடுவார்களாம். மழை நின்றதும் பொக்லைன் மறுபடி வருமாம். பாண்டி நேற்றுச் சொன்னான். அந்த இரண்டு பேரும் நேற்றும் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். துக்கம் விசாரித்துவிட்டு, போகும்போது மறுபடி அதையே கேட்டிருக்கிறார்கள்: அண்ணன் எப்ப வாராக?

இந்த மாதிரி அஞ்சலியில் கடைசியாக, இறந்தவரிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்வது வழக்கம். நேர்மை, உழைப்பு என்றெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் மூன்று ஏக்கருக்குத் தண்ணீர் கேட்டு அரசியலுக்கு வந்தார், அந்தக் கண்மாயிலேயே தண்ணீரில் முடிந்தார். நடுவில் பதினோரு வருடம் நம்மோடு இந்த மணலில் கிடந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று அந்த நீலக் கயிறு. அதைத் தொடாமல் வைத்திருக்கும்படி அத்தையிடம் கேட்டிருக்கிறேன், நானே வந்து ஆணியிலிருந்து எடுப்பேன். இன்னொன்று அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அதன்படிதான் இந்த நான்கு தாள்களையும் எழுதினேன். விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தேன்.

என் பாஸ்போர்ட் நகல் நேற்றே விசாரணை அலுவலகத்துக்கும் அத்தைக்கும் போய்விட்டது. இந்தத் தாள்களின் பிரதியும் நகலோடு சேரும். பாண்டியிடம் சொல்லி, என் மனைவியையும் பிள்ளைகளையும் அப்பாவையும் மதுரையில் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நம்மில் செய்தி அனுப்புகிறவரே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பாதியில் வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள். அண்ணன் எப்ப வாராக என்று இனி அவர்கள் தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். வருகிற இருபதாம் தேதி, திருச்சி விமானத்தில், காலையில் வந்து இறங்குகிறேன்.

மேலே எழுதிவிட்டேன். இப்போது கீழே கையெழுத்துப் போடுகிறேன். என் பெயருக்குக் கீழே நாற்பத்தொரு பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். பேனா பாயின் நடுவில் இருக்கிறது.

சோலைமலை
கொன்றையேந்தல்